புகை போட்டால் கிருமி சாகாதா, டாக்டர்?

கேள்வி: வயது 34. தினமும் எட்டு, பத்து சிகரெட் பிடிப்பேன். போன மாதம் அலுவலகத்தில் ஏழெட்டு பேருக்கு ஃப்ளூ வந்தது. மற்றவர்கள் நாலைந்து நாளில் எழுந்துவிட்டார்கள், எனக்கு இரண்டு வாரம் இழுத்தது, இருமல் இன்னும் போகவில்லை. 'சாம்பிராணிக்குக் கொசு ஓடுகிற மாதிரி சிகரெட் புகைக்கு வைரஸ் நிற்காது' என்கிறார் நண்பர். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கின்றன. அப்படியென்றால் எதிர்ப்புச் சக்தி நன்றாகத்தானே இருக்கிறது?
- வாசகர், ஈரோடு

பதில்: புகைக்கு யாரோ மயங்குவது உண்மைதான், ஆனால் அது வைரஸ் இல்லை, உங்கள் காவல்காரன்.

மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கின்றன. நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும், நாமும் தெரியாமலே விழுங்கிவிடுவோம், மிச்சத்தை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். புகை பட்டுப் பட்டு இவை மந்தமாகும், குட்டையாகும். சளியோ அதிகமாகச் சுரக்கும். தள்ள ஆளில்லாமல் அது தேங்கிக் கிடக்க, வைரஸ் சாவகாசமாக உள்ளே நுழையலாம்.

நுழைந்த பிறகும் ஒரு ஏற்பாடு உண்டு. வைரஸ் தொற்றிய செல் இன்டர்ஃபெரானைச் சுரந்து பக்கத்து வீடுகளுக்கு 'கதவைச் சாத்து' என்று சேதி அனுப்பும். புகைபிடிப்பவர்களின் மூக்குச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து ஃப்ளூ வைரஸை விட்டுப் பார்த்தபோது, இந்தச் சேதியே குறைவாகத்தான் போனது.

சரி, அந்த வெள்ளை அணு கணக்குக்கு வருவோம். புகைபிடிப்பவர்களுக்கு அது கொஞ்சம் கூடியிருப்பது வழக்கம்தான், உள்ளே ஓயாமல் அழற்சி நடக்கிறது என்பதன் அடையாளம். நுரையீரலில் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள்கூட பல மடங்கு இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வயிறு நிறையப் பழுப்பாகப் புகைக் கசடை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பந்தியில் மூன்று டம்ளர் பாயசம் குடித்துவிட்டு எழ முடியாதவர் மாதிரி. ஆள் நிறைய, வேலை குறைவு.

1978-ல் இஸ்ரேல் ராணுவப் பிரிவு ஒன்றில் ஃப்ளூ பரவியபோது 336 வீரர்களைக் கணக்கெடுத்தார்கள், எல்லோரும் திடகாத்திரமான இளைஞர்கள். புகைபிடித்தவர்களில் 68.5 சதவீதம் பேருக்குக் காய்ச்சல், பிடிக்காதவர்களில் 47.2. படுக்கையில் தள்ளும் அளவுக்கு, அல்லது வேலைக்கே போக முடியாத அளவுக்கு வந்தது முறையே 50.6, 30.1 சதவீதம். உங்கள் அலுவலகக் கதையேதான்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டதால் 'ஃப்ளூ மிச்சம்' என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள், காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஃப்ளூ தடுப்பூசியை வருஷா வருஷம் போட்டுக்கொள்ளுங்கள், சிகரெட் பிடிப்பவர் போடக்கூடாது என்றெல்லாம் இல்லை. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் முதல் 48 மணி நேரத்துக்குள் போங்கள், ஃப்ளூ வைரஸுக்கான ஒசல்டமிவிர் மாத்திரை அப்போதுதான் நன்றாக வேலை செய்யும்.

அப்புறம், சிகரெட்டை விட்டால் மயிரிழைகள் திரும்ப வேலைக்கு வரும். முதல் சில வாரம் அதனாலேயே சளியும் இருமலும் கூடலாம். 'விட்டதும்தான் இருமல் வந்தது' என்று பயந்து மறுபடி பற்ற வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.