பர்மீஸ் பூனையும் பகலெல்லாம் பூட்டியிருக்கும் வீடும்

கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: ஐயா, யாங்கோன் பொட்டத்தாங்கில் நான்காம் மாடியில் குடியிருக்கிறோம். காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு குட்டியைக் காட்டி, "இன்லே ஏரியிலிருந்து வந்த அசல் பர்மீஸ்" என்று ஒருவர் விலை சொல்கிறார். நானும் என் கணவரும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் மாலை ஆறு மணிக்குத்தான் திரும்புவோம். என் மாமியார் தீபாவளிக்குப் பிறகு எங்களோடு வந்து தங்குவதாக இருக்கிறார். இந்தக் குட்டியை இப்போது வாங்கலாமா? (வாசகி, பொட்டத்தாங்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் குட்டியின் நிறமும் விலையும் விரிவாக இருக்கின்றன, எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பத்து மணி நேரம். பூனை என்றால் தனிமையை விரும்பும் பிராணி என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பர்மீஸ் இனத்துக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. அது மனிதரைச் சுற்றியே வாழும். அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்கு வரும், குளியலறைக் கதவை மூடினால் வெளியே உட்கார்ந்து கூப்பிடும், பூஜைக்கு உட்கார்ந்தால் மடியில் ஏறிக்கொள்ளும். விருந்தாளியைக் கண்டு கட்டிலுக்கடியில் ஒளிவதைவிட, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அருகில் போய் முகர்ந்து பார்ப்பதே இதன் வழக்கம். சியாமீஸ் பூனையைப் போல் உரக்கக் கத்தாவிட்டாலும், மெல்லிய கரகரப்பான குரலில் நாள் முழுதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கும். குட்டிப் பருவத்தின் விளையாட்டுப் புத்தி வயதான பிறகும் எளிதில் போகாது.

இப்படிப்பட்ட பிராணியை ஒற்றையாகப் பூட்டிய வீட்டில் தினமும் பத்து மணி நேரம் விட்டால், சில பூனைகள் திரைச்சீலையைக் கிழிக்கும், சில தம் உடம்பையே நக்கி நக்கி வயிற்று முடியை உதிர்த்துக்கொள்ளும். ஆகவே இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள்: மாமியார் வந்து சேரும் வரை பொறுத்திருங்கள், அல்லது ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைச் சேர்த்து வாங்குங்கள். மாமியாருக்குப் பூனை பிடிக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்வதும் நல்லது. பகலில் அதனுடன் இருக்கப்போகிறவர் அவர்தானே.

"அசல்" என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகம் இன்று பர்மீஸ் என்று அழைக்கும் இனம் உருவானது அமெரிக்காவில். 1930இல் வொங் மாவ் என்ற சிறிய பழுப்பு நிறப் பெட்டைப் பூனை பர்மாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், ஜோசப் தாம்சன் என்ற மருத்துவரிடம் சேர்ந்தது. அவர் அதை டாய் மாவ் என்ற சியாமீஸ் கடுவனுடன் சேர்த்தார். ஈன்ற குட்டிகளைத் தொடர்ந்து இனம் சேர்த்தபோது சியாமீஸ் போன்றவை, தாயைப் போன்றவை, தாயைவிட அடர்ந்த பழுப்பானவை என மூன்று விதம் வெளிப்பட்டன; வொங் மாவே ஒரு கலப்புப் பூனை என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. அந்த அடர் பழுப்பு வகைதான் பர்மீஸ் ஆயிற்று. 1936இல் அமெரிக்கப் பூனை வளர்ப்போர் சங்கம் அதை ஏற்றது. சியாமீஸ் கலப்பு மிகுந்துவிட்டதால் 1947இல் நிறுத்திவைத்து, 1950களில் மீண்டும் பதிவு செய்யத் தொடங்கியது.

இன்லே ஏரிக் கதையிலும் பாதி உண்மை உண்டு. ஏரியிலுள்ள ஙா பே சௌங் மடத்துப் பூனைகள் ஒருகாலத்தில் வளையம் தாண்டிக் காட்டியதால் "தாவும் பூனை மடம்" என்றே அதைச் சொல்வார்கள். (பர்மிய மொழியில் பூனைக்கும் மடத்துக்கும் சொல் ஏறக்குறைய ஒன்றே, தொனிதான் வேறு.) 2008இல் இன்லேயிலுள்ள இன்தா மரபு இல்லத்துக்கு (இன்தா என்பது அந்த ஏரிவாழ் மக்களின் பெயர்) வெளிநாட்டிலிருந்து பர்மீஸ் பூனைகளைக் கொண்டுவந்து பெருக்கினார்கள். அதனால் இன்லேயிலிருந்து வந்த பழுப்புப் பூனையெல்லாம் பர்மீஸ் ஆகிவிடாது. பெற்றோரின் பதிவுத்தாள் இல்லையென்றால் அது நம் ஊர்ப் பூனை. அதற்கும் பாசம் குறைவில்லை, ஆனால் அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

பதிவுத்தாள் இருந்தால் மேலும் ஒன்றைக் கேளுங்கள். இவ்வினத்தின் சில வம்சங்களில் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும் பரம்பரை நோய் உண்டு. சில மாதக் குட்டி கழுத்தை நிமிர்த்த முடியாமல் தலையைத் தொங்கப் போட்டு, விறைத்த நடை நடக்கும். பெற்றோருக்கு மரபணுச் சோதனை செய்து குறையில்லை என்று தெரிந்திருந்தால் இந்தப் பயம் இல்லை. பன்னிரண்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத் தந்தால் வாங்காதீர்கள். வெறிநோய் நம் நாட்டில் இன்னும் இருப்பதால், வீட்டைவிட்டு இறங்காத பூனைக்கும் அதற்கான தடுப்பூசி அவசியம்.

நான்காம் மாடி என்றீர்கள். சன்னல் கம்பிகளுக்கு நடுவே குட்டி நுழைந்துவிடும். அதனால் வலை அடியுங்கள். தெருவிலிருந்து செய்தித்தாளும் சாமானும் ஏற்ற நாம் மாடியிலிருந்து தொங்கவிடும் கிளிப் கட்டிய கயிற்றையும் மறக்காதீர்கள். காற்றில் அது ஆடுவதைக் கண்ட பர்மீஸ் குட்டி சும்மா இருக்காது. தாவினால் விழும் ஆபத்து. கடித்து இழையை விழுங்கினால் அது குடலில் சிக்கி அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். வேலை முடிந்ததும் கயிற்றைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். எங்கள் ஏழு வயதுப் பர்மீஸ் கடுவனுக்குப் பால் சோறும் தயிர் சோறும்தான் கொடுக்கிறோம். நன்றாகக் கொழுத்திருந்தவன் இப்போது மெலிகிறான். தண்ணீர் மட்டும் ஓயாமல் குடிக்கிறான். (வாசகர், பெகு)

பதில்: ஐயா, இந்த இதழைப் படித்து முடித்ததும் அவனை மருத்துவரிடம் கொண்டுபோய் இரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளில் மற்றப் பூனைகளைவிடப் பர்மீஸ் பூனைகளுக்கு நீரிழிவு அதிகம் வருவதைக் கண்டிருக்கிறார்கள்; பருத்த நடுவயதுக் கடுவன்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அவன் நடக்கும்போது பின்னங்கால்களைக் கவனியுங்கள். விரல்களை ஊன்றி நடக்காமல் குதிகால் வரை தரையில் படிய நடந்தால், நோய் நரம்பைத் தொட்டுவிட்டது என்று பொருள். சிறுநீரக நோயிலும் தாகம் மிகும் என்பதால், சோதனையின்றி நீங்களாக முடிவு கட்ட வேண்டாம்.

உணவு விஷயத்தில் உங்கள் மனம் வருந்தினாலும் உள்ளதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பூனை புலாலுண்ணி. டாரின் என்னும் சத்தைப் போதுமான அளவு அதன் உடம்பு தானே உண்டாக்கிக்கொள்ளாது. அது குறைந்தால் கண்பார்வை மங்கும், இதயத் தசை தளரும். காய்கறியிலுள்ள கரோட்டினை வைட்டமின் ஏயாக மாற்றவும் அதற்கு இயலாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வீட்டில் மாமிசம் சமைக்க மனமில்லையென்றால், பூனைக்கென்றே தயாரித்த டின் உணவைத் தனித் தட்டில் வையுங்கள். மெலிந்துவிட்டான் என்று எந்நேரமும் தட்டை நிரப்பி வைக்காமல், அளந்து வேளைக்கு வேளை கொடுங்கள். பக்கத்து வீட்டார் அன்போடு தரும் ஙாப்பிக் குழம்பில் (ஙாப்பி என்பது மீனையோ இறாலையோ புளிக்கவைத்த விழுது) உப்பு அதிகம், வெங்காயமும் பூண்டும் வேறு இருக்கும். அவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. மெலிவுக்குக் காய்ச்சல் காரணமோ என்று எண்ணிப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரைகூட உயிரை வாங்கிவிடும்.

கேள்வி: வாங்கும்போது இளம் பழுப்பாக இருந்த எங்கள் குட்டிக்குக் காதும் வாலும் கறுத்துக்கொண்டே வருகின்றன. தோல் நோயா? (வாசகி, தாட்டோன்)

பதில்: நோயில்லை. பர்மீஸ் பூனையின் நிறமியை உண்டாக்கும் நொதி குளிர்ந்த இடத்தில் நன்றாக வேலை செய்யும்; காது, வால், முகம், பாதம் ஆகியவை உடம்பைவிடக் குளிர்ந்திருப்பதால் அங்கே முதலில் கறுக்கும். வயது ஏற ஏற மற்ற இடங்களும் அடர்ந்துவிடும். குட்டையான, உடம்போடு படிந்த முடி என்பதால் வாரம் ஒருமுறை கையால் தடவி உதிர்முடியை எடுத்தால் போதும். முடி கொட்டி வட்டம் வட்டமாகத் தோல் தெரிந்தால் மட்டும் காட்டுங்கள். மழைக்கால ஈரத்தில் வரும் படர்தாமரையாக இருக்கலாம், அது பூனையிடமிருந்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும்.