கேள்வி–பதில்: பில்லியன்கள் வருகின்றன, சம்பளம் ஏன் அசையவில்லை?

கேள்வி: என் மகன் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீசியனாக இருக்கிறான். பினாங்குக்கு இத்தனை பில்லியன் ரிங்கிட் அந்நிய முதலீடு வந்துவிட்டது என்று செய்தியில் அடிக்கடி சொல்கிறார்கள். ஓவர்டைம் இல்லாத மாதத்தில் அவன் சம்பளம் வாடகைக்கும் மோட்டார் தவணைக்குமே சரியாகப் போகிறது. அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது? (பிறை வாசகி)

பதில்: அம்மா, முதலில் அந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். செய்தியில் பெரும்பாலும் வருவது 'அங்கீகரிக்கப்பட்ட முதலீடு', அதாவது இவ்வளவு போடப்போகிறோம் என்று ஒரு நிறுவனம் விண்ணப்பித்து, அரசும் சரியென்று சொன்ன தொகை. அது கட்டடமாகவும் இயந்திரமாகவும் மாறச் சில ஆண்டுகள் ஆகும்; சில திட்டங்கள் காகிதத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. நடைமுறைக்கு வந்த பிறகும் அதில் பெரும்பங்கு இயந்திரங்களுக்கே போகிறது. அந்த இயந்திரங்களோ வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வருபவை.

ஏற்றுமதிக் கணக்கிலும் இதே மயக்கம் இருக்கிறது. உலகின் மின்னணுச் சில்லுகளுக்கு (சிப்) உறையிட்டுச் சோதிக்கும் வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. ஆனால் சில்லின் வடிவமைப்பு பெரும்பாலும் வேறொரு நாட்டில் முடிந்திருக்கும். அதைப் பதித்த சிலிக்கான் தகடு இன்னொரு நாட்டிலிருந்து இங்கே வந்திறங்கும். வெட்டி, கம்பி இணைத்து, உறையிட்டு, சோதித்து அனுப்பும்போது அதன் முழு விலையும் நம் ஏற்றுமதியில் ஏறிவிடுகிறது. நம் கையில் உண்மையில் தங்குவது, இங்கே கூட்டப்பட்ட மதிப்பு மட்டுமே. அதிலும் லாபம் தாய் நிறுவனத்துக்குத் திரும்பிச் செல்லும்.

இது எப்படி ஏற்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது; ஜார்ஜ் டவுனில் வேலையில்லாதோர் கூட்டம் பெருகியிருந்த காலம் அது. அதே ஆண்டில் முதலமைச்சரான லிம் சோங் இயூ, பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வட்டாரத்தை, அதாவது ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கான சுங்கவரியற்ற பகுதியை, 1972இல் தொடங்கினார். (பாலத்தைக் கடந்து உங்கள் மகன் வேலைக்குச் செல்லும் விரைவுச்சாலை அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.) இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அந்த ஆண்டே அங்கு அமைத்தது. வேலை வேண்டும், எந்த வேலையானாலும் வேண்டும் என்ற நிலையில் செய்த பேரம் அது. அன்றைய நிலையில் அதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன்.

என் அக்கா அந்த வட்டாரத்தில் ஆப்பரேட்டராக இருந்தார். எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் விளிம்பில் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டார். ஆனால் தோட்டத்து லயத்தில் வளர்ந்த ஒரு பெண்ணின் கையில் மாதாமாதம் சொந்தச் சம்பளம் இருந்ததும் அப்போதுதான். எங்கள் வீட்டில் முதல் தையல் இயந்திரம் அந்தப் பணத்தில்தான் வந்தது.

சம்பளம் ஏறாததற்குக் காரணம் சந்தை மட்டுமன்று, கொள்கையும்தான். மின்னணுத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க 1988 வரை அனுமதி இல்லை. அப்போதும் அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டுமே அமைக்கலாம் என்றார்கள். பல நிறுவனத் தொழிலாளர்களும் சேரக்கூடிய வட்டார அளவிலான சங்கங்களுக்கு வழி பிறக்க மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. குறைந்த கூலிக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவர முடிகிறவரை, ஊதியத்தை உயர்த்த வேண்டிய நெருக்கடி முதலாளிக்கு வருவதில்லை. போதாததற்கு, 1986ஆம் ஆண்டு முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டத்தின் முன்னோடித் தகுதி பெற்ற நிறுவனத்துக்குப் பொதுவாக ஐந்தாண்டுகளுக்கு வருமானத்தில் 70 விழுக்காட்டுக்கு வரிவிலக்கு உண்டு. சலுகை கொடுப்பதில் பிழையில்லை. அதற்கு ஈடாக எத்தனை உள்ளூர்ப் பொறியாளர்கள், எத்தனை உள்ளூர்க் கொள்முதல் என்று எழுதி வாங்கினோமா என்பதைத்தான் கேட்க வேண்டும். 1989இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தில் நிறுவனங்களே சேர்ந்து பயிற்சித் திட்டங்களை வகுத்தன. அப்படிப்பட்ட ஏற்பாடுகள்தான் மிஞ்சி நிற்கின்றன. உங்கள் மகனுக்கு வடிவமைப்பு அல்லது சோதனைப் பொறியியல் பக்கம் நகர வாய்ப்புக் கிடைத்தால், ஓவர்டைமை விட்டாவது படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்தோனேசியா 2020 தொடக்கத்திலிருந்து நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்ததற்கு ஐரோப்பிய ஒன்றியம் வழக்குத் தொடுத்தது. தன் மண்ணில் உள்ளதைத் தானே உருக்க நினைப்பது குற்றமா? (கோலாலம்பூர் மாணவர்)

பதில்: உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி குற்றம்தான்; 2022 நவம்பரில் அதன் தீர்ப்புக் குழு இந்தோனேசியாவுக்கு எதிராக முடிவு செய்தது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது; 2019 டிசம்பர் முதல் போதிய நீதிபதிகள் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது அந்த மேல்முறையீட்டு மன்றம். எனவே வழக்கு அந்தரத்தில் நிற்கிறது.

நியாயம் என்ன என்று கேட்டால், 1903க்குப் போக வேண்டும். மலாயாவின் ஈயத் தாதுவை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் அங்கே உருக்க ஒரு நிறுவனம் முயன்றபோது, நீரிணைக் குடியேற்றங்களுக்கு (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய ஆங்கிலேயக் குடியேற்றம்) வெளியே உருக்கப்படும் தாதுவின்மீது கடுமையான ஏற்றுமதி வரியை விதித்தது, தடையற்ற வாணிபத்தின் பெருமையை ஊருக்கெல்லாம் ஓதிய அதே ஆங்கிலேய ஆட்சிதான். சிங்கப்பூரிலும், பினாங்கின் டத்தோ கிராமாட் பகுதியிலும் ஈய உருக்காலைகள் செழித்ததற்கு அந்தச் சுவரும் ஒரு காரணம். ஐரோப்பா அன்று கையாண்ட கருவியைத்தான் ஜகார்த்தா இன்று எடுத்திருக்கிறது. ஆனால் அங்குள்ள உருக்காலைகளில் பெரும்பாலானவை சீன முதலீட்டில் நடப்பவை, நிலக்கரியில் ஓடுபவை. ஆகவே தாது நாட்டுக்குள் தங்கியதால் மட்டும் லாபமும் தங்கிவிட்டது என்று சொல்ல முடியாது.

வாங்கும் நாடும் இதே ஆட்டத்தைத் தன் வாசலில் ஆடுகிறது. 2025 மே மாத இறுதியில் இந்தியா கச்சாப் பாமாயிலின் அடிப்படை வரியை 20லிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தது. சுத்திகரித்த எண்ணெயின் வரியைத் தொடவில்லை. மற்ற வரிகளையும் சேர்த்தால் முன்னதற்கு 16.5, பின்னதற்கு 35.75 விழுக்காடு. இங்கே சுத்திகரிக்க வேண்டிய எண்ணெய் கச்சாவாகவே கப்பலேறினால் அதற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

கேள்வி: 1997இல் பணம் ஓடியதுபோல இந்த முதலீடும் ஒருநாள் ஓடிவிடுமா? (செந்தூல் வாசகர்)

பதில்: அன்று, ஆசிய நிதி நெருக்கடியில், ஓடியது பங்குச் சந்தைக்கும் நாணயச் சூதாட்டத்துக்கும் வந்த பணம். அதற்குத் தடுப்பாக 1998 செப்டம்பரில் மூலதனக் கட்டுப்பாடுகள் வந்தன; ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிலைநிறுத்திய ஏற்பாடு 2005 ஜூலை வரை நீடித்தது. தொழிற்சாலை அப்படி ஓர் இரவில் மூட்டை கட்டாது. மெதுவாக மூட்டை கட்டும்: பழைய இயந்திரம் தேய்ந்ததும் புதியதை வேறு நாட்டில் நிறுவுவார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: பத்துப் பேருடன் உலோகப் பாகங்கள் கடையும் பட்டறை நடத்துகிறேன். என் சரக்கைச் சுதந்திர வட்டாரத்துத் தொழிற்சாலைகள் வாங்குகின்றன. நான் எதையும் ஏற்றுமதி செய்வதில்லை. அமெரிக்க வரி என்னைத் தொடுமா? (புக்கிட் மெர்தாஜாம் வாசகர்)

பதில்: தொடும், ஐயா. உங்கள் சரக்கு இன்னொருவர் பெட்டிக்குள் அமர்ந்து அமெரிக்கா போகிறது. 2025 ஏப்ரலில் மலேசியாவுக்கு 24 விழுக்காடு என்று அறிவித்த அமெரிக்கா, ஆகஸ்டில் 19 விழுக்காடு விதித்தது. சில்லுகளுக்கு அப்போது விலக்கு இருந்தது, எல்லாப் பொருளுக்கும் இல்லை. வேறு நாட்டுச் சரக்கு மலேசிய முத்திரையோடு போவதாக அங்கே எழுந்த சந்தேகம் விகிதத்தைவிட முக்கியமானது. அதனால்தான் 2025 மே 6 முதல் அமெரிக்காவுக்குச் செல்லும் சரக்குக்கான பிறப்பிடச் சான்றிதழை முதலீடு, வாணிப, தொழில்துறை அமைச்சு மட்டுமே வழங்குகிறது. அதற்கு முன் வர்த்தகச் சபைகளும் வழங்கிவந்தன. உங்களிடம் வாங்கும் தொழிற்சாலை அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது, பாகம் எங்கே கடையப்பட்டது, உலோகம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று உங்களைத்தான் கேட்கும். உலோகம் வாங்கிய ரசீதையும், ஒவ்வொரு ஆர்டருக்கான வேலைத்தாளையும் ஒரே கோப்பில் தேதி வாரியாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.