காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லையே!

கேள்வி: வயது 44. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். போன மாதம் நியுமோனியா என்று ஆஸ்பத்திரியில் ஏழு நாளைக்கு மாத்திரை தந்தார்கள். ஒன்று விடாமல் குடித்தேன். காய்ச்சல் நின்று நாலு வாரமாகியும் இருமல் போகவில்லை. மலை ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. நாத்தனார் தன்னிடம் மிச்சமிருக்கும் அன்டிபயோட்டிக்கைக் குடிக்கச் சொல்கிறார். குடிக்கலாமா டொக்டர்?
— வாசகி, தலவாக்கலை

பதில்: வேண்டாம் தங்கச்சி. அந்த மாத்திரை ஏன் மிஞ்சியது என்று நாத்தனாரைக் கேளுங்கள். உங்களைப் போல முழுதும் குடித்திருந்தால் மிஞ்சியிருக்காதே!

நீங்கள் குடித்த மருந்து வேலை செய்திருக்கிறது. காய்ச்சல் நின்றதே அதற்குச் சாட்சி. ஆனால் அன்டிபயோட்டிக் கிருமியைத்தான் கொல்லும், கிருமி உண்டாக்கிய புண்ணை ஆற்றாது. மூச்சுக்குழாயின் உட்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள் உண்டு. சளியை மேலே தள்ளுவது அவைதான். நோயில் சேதமான அவை தேறி வர நாளெடுக்கும். அதுவரை அந்த வேலையை இருமல் பார்க்கிறது. பொதுவாக நாலு வாரத்தில் சளியும் நெஞ்சுவலியும் நன்றாகக் குறையும். இருமலும் மூச்சு வாங்குவதும் குறைய ஆறு வாரமாகும். அசதி மூன்று மாதம்கூட இழுக்கும்.

அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலே காசநோய் இல்லையென்று சளியைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை. நுவரெலியாவில் மார்புநோய் கிளினிக்கும் இருக்கிறது. லயத்து வரிசை வீடுகளில் ஏதாவது பேசுவார்கள் என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அப்படியே இருந்தாலும் வழக்கமாக ஆறு மாத மருந்தில் குணமாகிற நோய்தானே? காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியைக் கொடுங்கள். எச்சில் உதவாது. மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன்: வீட்டில் விறகடுப்பா? அப்படியென்றால் மழைக்காலத்து ஈர விறகின் புகை இருமலை ஆறவே விடாது. விறகைக் காயவைத்து எரியுங்கள், குளிரினாலும் பரவாயில்லை, சமைக்கும்போது கதவைத் திறந்து வையுங்கள். கொஞ்ச நாளைக்கு அடுப்பை வீட்டுக்காரர் பார்க்கட்டும். பீடி குடிப்பவராக இருந்தால் அதை வெளியே வைத்துக்கொள்ளட்டும்.

சளியை வெளியேற்ற ஒரு வழி. நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கால் ஆழ இழுத்து, மூன்று எண்ணும்வரை பிடித்து மெதுவாக விடுங்கள். நாலைந்து தடவை செய்தபின், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவோமே, அப்படி வாயை அகலத் திறந்து ‘ஹா’ என்று ஊதுங்கள். கிளம்பிய சளியை இருமித் துப்புங்கள். கொத்தமல்லி அவித்த தண்ணீரும் இஞ்சி பிளேன்டீயும் தொண்டைக்கு இதம், தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் அவை மருந்தல்ல.

நாள் சம்பளக்காரியிடம் ஓய்வெடு என்று சொல்வது லேசு, எனக்கும் தெரியும். டொக்டரிடம் துண்டு எழுதி வாங்கி, ஏற்றமில்லாத மலையிலோ பாரமில்லாத வேலையிலோ போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

காய்ச்சல் திரும்பினாலோ, இரவில் வேர்த்துக் கொட்டினாலோ, உடம்பு மெலிந்தாலோ கிளினிக் நாள் பார்த்துக் காத்திருக்காமல் போய்விடுங்கள். சளியில் ரத்தம் கண்டால் அன்றைக்கே போக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணமில்லை. லயம் வரை பாதை சரியில்லையென்றால், வண்டிக்கு வழிகாட்ட ஒருவரை மெயின் ரோட்டுக்கு அனுப்பிவையுங்கள்.