வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் ஆப்பிரிக்கப் பெண்களின் பாதுகாப்புக்கு உண்மையில் எது உதவும்?

எனக்குத் தெரிந்த ஒரே இடமான லெபனானை வைத்தே இதற்குப் பதில் எழுதுகிறேன். இலங்கையில் அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த நான், பெய்ரூட்டில் ஆறு ஆண்டுகள் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தேன். அங்கே 'சிறிலங்கியே' என்றாலே வேலைக்காரி என்று பொருள்படும் அளவுக்கு எங்கள் நாட்டுப் பெண்கள் முன்பே நிறைந்திருந்தார்கள். எதிர்வீட்டு மேடம் தம்மிடம் வேலை செய்த எத்தியோப்பியப் பெண்ணையும் விருந்தாளிகளிடம் அப்படித்தான் சொல்லுவார்.

அவளும் நானும் ஒரு நாளும் அருகில் நின்று பேசியதில்லை. துணி எடுக்கும் சாக்கில் மாலையில் பால்கனிக்கு வந்து, உடைந்த அரபியிலும் சைகையிலும் பேசிக்கொள்வோம். ஒரு நாள் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். ஐந்து மாதச் சம்பளம் வரவில்லை. வாசற்கதவு வெளியே பூட்டியிருக்கும். கடவுச்சீட்டு மேடத்தின் அலுமாரியில் இருந்தது.

மேடத்தின் குணத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1946ஆம் ஆண்டின் லெபனான் தொழிற்சட்டம் தன் 7ஆம் பிரிவிலேயே வீட்டுப் பணியாளர்களை விலக்கிவிட்டது. கஃபாலா எனப்படும் பொறுப்பாளர் முறையில் வதிவிட அனுமதி முதலாளியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அடி தாங்காமல் வெளியேறுகிறவள் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவளாகிவிடுகிறாள்; நகை திருடினாள் என்ற புகாரும் பல நேரங்களில் பின்னாலேயே வரும். கடவுச்சீட்டைத் தானே வைத்துக்கொள்ளவும், முன்னறிவித்து வேலையை விட்டு விலகவும் இடமளித்த புதிய மாதிரி ஒப்பந்தத்தைத் தொழில் அமைச்சு 2020 செப்டம்பரில் கொண்டுவந்தது. ஆட்சேர்ப்பு முகவர்களின் சங்கம் முறையிட, அடுத்த மாதமே உயர் நிருவாக நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. எத்தியோப்பிய அரசு 2008இல் பெண்கள் லெபனானுக்குப் போவதையே தடைசெய்தும் பார்த்தது. அவர்கள் வேறு நாடுகளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தடை போடுவது பாதுகாப்பு ஆகாது என்பதை இலங்கைக்காரியான எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

உதவி பெரும்பாலும் பக்கத்தில் இருந்த பெண்களிடமிருந்தே வந்தது. 2020 ஜூனில், லெபனான் நாணயமான லிரா சரிந்து சம்பளம் கொடுக்க முடியாத குடும்பங்கள் எத்தியோப்பியப் பெண்களைப் பெட்டியோடு கொண்டுவந்து துணைத்தூதரக வாசலில் இறக்கிவிட்டுப் போயின. அந்த மாதங்களில் உணவும் வாடகைப் பணமும் திரட்டிக் கொடுத்தவர்களில், எத்தியோப்பியப் பணிப்பெண்களே 2017இல் தொடங்கிய 'எக்னா லெக்னா பெசிதெத்' என்ற அமைப்பும் ஒன்று. உதவ விரும்புகிறவர்கள் இத்தகைய அமைப்புகளுக்கு நேரடியாகப் பணம் அனுப்புங்கள். ஒரு பெண் இன்னும் அந்த வீட்டுக்குள் இருக்கும்போது அவளுடைய படத்தையோ பெயரையோ முகநூலில் போடாதீர்கள். அடி அவளுக்குத்தான் விழும்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு என்னால் முடிந்தது ஒரு பழைய நோக்கியா போன். ஞாயிறு விடுமுறையில் டோரா சந்திக்குப் போய் சிம் வாங்கி, போனைக் காலுறையில் சுற்றி எறிந்தேன். முதல் காலுறை தெருவில் விழுந்து போன் உடைந்தது, அடுத்த மாதம் எறிந்தது அவள் பால்கனியில் விழுந்தது. டோராவில் கடை வைத்திருந்த எத்தியோப்பிய அக்கா ஒருவர் அவளிடம் அம்ஹாரிக்கில் விவரம் கேட்டு, பிறகு மேடத்தை அழைத்து, வழக்கறிஞரோடு வருவேன் என்று நல்ல அரபியில் சொன்னார். மூன்று மாதச் சம்பளம் கைக்கு வந்தது. கடவுச்சீட்டு, நான் ஊர் திரும்பிய நாள்வரை அந்த அலுமாரியிலேயே இருந்தது.