ரத்தக்கசிவு நின்ற பிறகும் மூளை வீங்குவது ஏன்?

கேள்வி: என் 62 வயது அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ஐந்து நாளாகிறது. கசிவு நின்றுவிட்டது, ஆனால் வீக்கம் கூடியிருக்கிறது என்கிறார்கள். நேற்றைவிட இன்று அதிகம் தூங்குகிறார். வைட்டமின் ஈ, மஞ்சள் மாத்திரை கொடுத்தால் வீக்கம் வற்றும் என்கிறார் சித்தப்பா. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அதைவிட அவசரம் அந்தத் தூக்கம். நேற்றைவிட எழுப்பக் கஷ்டமாக இருந்தால், வாந்தி எடுத்தால், அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். மறுபடி ஸ்கேன் தேவைப்படலாம்.

சிடி ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிவது உறைந்த ரத்தம். அதைச் சுற்றியுள்ள கறுப்பு வளையம்தான் வீக்கம். முதல் இரண்டு மூன்று நாளில் வேகமாக வளரும். அதன்பின் மெதுவாக, இரண்டு வாரம் வரைகூடப் போகும். ரத்தம் உறையும்போது உண்டாகும் த்ராம்பின் முதலில் அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. அப்புறம் ரத்தக்கட்டிக்குள் சிக்கிய சிவப்பணுக்கள் உடைந்து, ஹீமோகுளோபினில் இருந்த இரும்பு வெளியே வருகிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, எதையும் தாக்கும் மூலக்கூறு உருவாகும். செல் சவ்வின் கொழுப்பை அது அரிக்கும். மூளையிலோ கொழுப்புக்குப் பஞ்சமில்லை.

சரி, அழற்சியை அடக்கிவிட்டால் போதாதா? அங்கேதான் சிக்கல். அழற்சியைத் தூண்டும் அதே மைக்ரோக்ளியா (மூளையின் காவல் செல்கள்)தான் பின்னர் ரத்தக்கட்டியைத் தின்று சுத்தம் செய்பவை. 1987இல் தாய்லாந்தில் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை, தொற்றும் சர்க்கரைத் தொல்லையும்தான் கூடின. இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டிஃபெராக்சமின் மருந்தும் 2019இல் வெளியான சோதனையில் தெளிவான பலன் தரவில்லை. வைட்டமின் ஈ மாத்திரை ரத்தக்கசிவு வகைப் பக்கவாதத்தைச் சற்றே கூட்டுவதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. சமையல் மஞ்சளைப் பற்றிக் கவலையில்லை; ஆனால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் வாயில் எதைப் போட்டாலும் நுரையீரலுக்குள் போகலாம். விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை தண்ணீர்கூடத் தராதீர்கள்.

பலன் தந்தது பகட்டில்லாத வைத்தியம்தான். இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில் நடந்து 2023இல் வெளியான இன்டராக்ட்-3 ஆய்வில், முதல் சில மணி நேரத்திலேயே பிபி, சர்க்கரை, காய்ச்சல் மூன்றையும் கட்டுக்குள் கொண்டுவந்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அதன் விளைவையும் முறித்தார்கள். அப்படிச் செய்த இடங்களில் நோயாளிகள் மேலாகத் தேறினார்கள். உங்கள் அப்பா அந்த நேரத்தைத் தாண்டிவிட்டாலும் இவற்றைக் கவனிப்பது நிற்கக் கூடாது. அவருக்கு இன்று பிபி எவ்வளவு, காய்ச்சல் உண்டா, வீக்கத்தை வற்றவைக்க மானிட்டால் மருந்தோ செறிவான உப்புக் கரைசலோ ஏற்றுவது தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு பெரும்பாலானோருக்கு இலக்கு 130/80. அதற்கு வீட்டில் ஒரு பிபி மெஷின் வாங்கிவைப்பது மஞ்சள் மாத்திரையைவிடப் பிரயோஜனம்.