காத்திருக்கும் வசதி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். முப்பத்துமூன்று ஆண்டுகள் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆறு மாதமாக இண்டியானாபோலிஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கே எந்தத் தெருவில் நடந்தாலும் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு கூடைப்பந்து வளையம் தென்படுகிறது. பேரனோடு உட்கார்ந்து நானும் கல்லூரி ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

சென்ற மாதம் உங்கள் தளத்தில், கல்லூரியைப் பாதியில் விட்டு, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்பிஏ-வின் டிராஃப்டுக்கு (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு) பெயர் கொடுக்கும் பையன்களைக் குறை சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே ஆண்டு வகுப்பில் உட்கார்ந்துவிட்டுப் பணம் என்றதும் எழுந்து ஓடுவது படிப்புக்குச் செய்யும் அவமரியாதை. பத்தாம் வகுப்போடு நின்று மில் வேலைக்குப் போன பிள்ளைகளின் வீட்டு வாசலில் போய் நின்று, பேசிப் பேசித் திரும்பக் கூட்டிவந்தவன் நான். என்பிஏ நட்சத்திரம் டிம் டங்கன் நான்கு ஆண்டும் கல்லூரியில் படித்து முடித்துத்தானே போனார்? இந்த ஊருக்குப் பக்கத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்த ஸாக் எடி காத்திருந்துதானே பெரிய ஆளானார்? மற்றவர்களுக்கு மட்டும் என்ன அவசரம்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்

*

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதத்தில் அந்த மில் வேலை வரியை மூன்று நான்கு முறை படித்தேன். அந்த வாசல்களில் நின்றபோது வீட்டுக்குள்ளே நீங்கள் பார்த்திருப்பீர்கள் அல்லவா, ஏன் அந்தப் பிள்ளை போனான் என்று? அதைத்தான் நான் அமெரிக்கக் கூடைப்பந்திலும் பார்க்கிறேன்.

ஸ்பென்சர் ஹேவுட்டிலிருந்து தொடங்க வேண்டும். மிசிசிப்பியில் பருத்தி எடுத்துப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் அவரே தாயோடு வயலில் பருத்தி எடுத்திருக்கிறார். 19 வயதில் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காகத் தங்கம் வென்றார். அந்த அணியில் அதிகப் புள்ளி எடுத்தவரும் அவரே. அப்போது என்பிஏ-வில் ஒரு விதி இருந்தது: பள்ளி முடித்து நான்கு ஆண்டுகள் ஆகாதவனை எந்த அணியும் சேர்க்கக் கூடாது. ஹேவுட் டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தை விட்டு, போட்டி அமைப்பான ஏபிஏ-வில் 1969-இல் சேர்ந்தார். முதல் பருவத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக 30 புள்ளி எடுத்து அந்த அமைப்பின் தலைசிறந்த வீரர் விருதைப் பெற்றார். அடுத்து சியாட்டில் அணி விதியை மீறி அவரை என்பிஏ-வுக்கு அழைத்துக்கொண்டது. வழக்கு நடந்துகொண்டிருந்த நாட்களில் வெளியூர் ஆட்டங்களில், "சட்டவிரோதமான வீரர் ஒருவர் களத்தில் இருக்கிறார்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததாக அவர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். 21 வயதுப் பையன் சீருடையோடு நிற்கிறான், அரங்கமே அவனைப் பார்த்துக் கூச்சலிடுகிறது.

1971 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஹேவுட் பக்கம் நின்றது. ஆனால் அதன் பிறகு என்பிஏ கொண்டுவந்த ஏற்பாட்டைப் பாருங்கள். நான்கு ஆண்டுக்கு முன்பே வர விரும்புகிறவன் தன் குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 1976 வரை இந்த நிபந்தனை இருந்தது. நம் ஊரில் வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நிற்பதைப் போல, தன் வறுமையைத் தாளில் எழுதிக் கொடுத்தால்தான் அந்தக் கதவு திறந்தது. இந்த அவசரத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதை அந்த விதியே சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன்.

நீங்கள் கணக்கு ஆசிரியர் என்பதால் ஒரு கணக்கையும் உங்கள் முன் வைக்கிறேன். டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் போன்றதல்ல. அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக அழைத்துக்கொள்ளும். இரண்டு சுற்று, மொத்தம் ஏறக்குறைய 60 பேர். முதல் சுற்றில் எந்த இடத்தில் அழைக்கப்பட்டானோ அந்த இடத்துக்கென்று ஒரு சம்பளம் முன்பே வகுக்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுக்கு உத்தரவாதம் உண்டு. மூன்றாவதும் நான்காவதும் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் அழைக்கப்படுகிறவனுக்கு அந்த உத்தரவாதமும் கிடையாது. ஆகவே பெரிய பணம் முதல் ஒப்பந்தத்தில் இல்லை, நான்கு ஆண்டு கழித்து வரும் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. 19 வயதில் நுழைந்தவன் 23 வயதில் அதை எட்டுகிறான். நான்கு ஆண்டும் கல்லூரியில் இருந்துவிட்டு 22 வயதில் நுழைந்தவனுக்கு அப்போது 26. முப்பத்தைந்து வயதில் முழங்கால் தேய்ந்துவிடும் ஒரு தொழிலில் மூன்று ஆண்டு என்பது எவ்வளவு என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சம்பள வரையறை முன்பு கிடையாது. 1994-இல் முதல் ஆளாக அழைக்கப்பட்ட கிளென் ராபின்சன் பத்து ஆண்டுக்கு 6.8 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். (அவரும் உங்கள் பக்கத்துப் பர்டூவின் பிள்ளைதான்; மூன்றாம் ஆண்டோடு கிளம்பியவர்.) முதலாளிகள் மிரண்டுபோய் மறுஆண்டே புதியவர்களின் சம்பளத்துக்கு எல்லை கட்டினார்கள். எல்லை கட்டியதும், அந்த முதல் ஒப்பந்தத்தைச் சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் முடியும் என்ற கணக்கு பையன்களுக்குப் பிறந்தது. அதே 1995-இல் கெவின் கார்னெட் பள்ளியிலிருந்து நேராக வந்தார், மறுஆண்டு கோபி பிரயன்ட், 2003-இல் லெப்ரான் ஜேம்ஸ். பிறகு 2005-இல் இன்னொரு விதி: 19 வயதாக வேண்டும், பள்ளி முடித்து ஓராண்டாவது ஆக வேண்டும். ஒரே ஆண்டு வகுப்பில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறான் என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்களே, அந்த ஓராண்டு அவன் தேர்ந்தெடுத்தது அல்ல. பதினெட்டு வயதில் நேராக வேலைக்குப் போயிருக்க வேண்டியவனை ஓராண்டு காத்திரு என்று நிறுத்தியது இந்த விதிதான்.

காத்திருந்த அந்த ஓராண்டில் கல்லூரி அவனுக்கு என்ன கொடுத்தது? கட்டணமும் இருப்பிடமும் உணவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஷபாஸ் நேப்பியர் 2014-இல் பேசியதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம், நான்கு ஆண்டும் தங்கியவர், அந்த ஆண்டு அணிக்குத் தேசியக் கோப்பையை வென்று தந்தவர். பசியோடு படுக்கப் போகும் இரவுகள் தனக்கு உண்டு என்று அவர் செய்தியாளர்களிடம் சொன்னார். தன் ஆட்டச் சட்டை, பெயர் இல்லாமலேனும், விற்பனையாவதைப் பார்க்கும்போது பதிலுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்று தோன்றுகிறது என்றும் சொன்னார். அந்தப் போட்டித் தொடரின் தொலைக்காட்சி உரிமையை, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ 14 ஆண்டுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றிருந்த காலம் அது. நேப்பியரின் பேச்சு வெளிவந்த சில நாட்களிலேயே வீரர்களின் உணவுக்கு இருந்த கட்டுப்பாட்டை என்சிஏஏ நீக்கியது. அதற்கு ஒரு பையன் ஊர் அறியத் தன் பசியைச் சொல்ல வேண்டியிருந்தது!

இப்போது நீங்கள் காட்டிய இருவருக்கு வருகிறேன். டங்கன் மீது எனக்கும் மிகுந்த மரியாதை உண்டு. செயின்ட் கிராய் தீவின் நீச்சல்காரப் பையன். புயல் அங்கிருந்த நீச்சல் குளத்தை அழித்த பிறகுதான் கூடைப்பந்துக்கு வந்தார். பதினான்காம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். பட்டம் வாங்குவேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, 1997-இல் உளவியல் பட்டத்தோடு போனார். அது அவருடைய வாக்கு, அவர் காப்பாற்றினார். அதை வைத்து வேறொரு வீட்டுப் பிள்ளையை அளக்க எனக்குத் துணிவில்லை.

எடி பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. 2023-இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் அவர்தான், ஏழடி நான்கங்குலம். ஆனால் அந்த ஆண்டு நாட்டிலேயே உயரம் குறைந்த அணியான ஃபேர்லி டிக்கின்சனிடம் தேசியக் கோப்பைத் தொடரின் முதல் சுற்றிலேயே பர்டூ தோற்றது. டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர் கடைசி நாளில் திரும்பப் பெற்றார். அப்போது போயிருந்தால் இரண்டாம் சுற்று கிடைத்திருக்கலாம் என்பதுதான் பொதுவான மதிப்பீடு. மறுஆண்டு இறுதி ஆட்டத்தை நம் நேரப்படி காலை ஏழு மணிக்குப் பார்த்தேன். இரண்டு பேர் முதுகில் சாய்ந்து தள்ள, மூன்றாமவன் கையைத் தட்ட, அவர் பந்தைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு யாருடைய கைக்கும் எட்டாமல் மெதுவாகத் திரும்புவார். 37 புள்ளி எடுத்தார், அணி தோற்றது. நான் வைத்த காபி ஆறிப்போயிருந்தது. ஜூனில் மெம்பிஸ் அணி அவரை ஒன்பதாவதாக அழைத்தது.

ஆனால் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜேரட் சலிஞ்சரும் காத்திருந்தவர்தான். 2011-இல் முதல் ஐந்து இடத்துக்குள் போவார் என்று பேசப்பட்டவர், கோப்பை வெல்ல வேண்டும் என்று இன்னோர் ஆண்டு தங்கினார். மறுஆண்டு முதுகுப் பிரச்சினை மருத்துவப் பரிசோதனையில் தெரிந்து 21-ஆம் இடத்துக்குச் சரிந்தார். எடி செய்த அதே முடிவுதான். முதுகு மட்டும் வேறு.

காத்திருத்தலுக்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணி. 2006-இல் கோப்பை வென்ற பிறகு ஜோக்கிம் நோவா, அல் ஹார்ஃபர்ட், கோரி புரூவர் மூவரும் டிராஃப்டுக்குப் போகாமல் டாரியன் கிரீனோடு மீண்டும் ஆடி, 2007-இலும் வென்றார்கள். அழகான கதை, நான் மகிழ்ந்து பார்த்த கதை. நோவாவின் தந்தை பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் பட்டம் வென்ற யானிக் நோவா. ஹார்ஃபர்டின் தந்தையும் கிரீனின் தந்தையும் என்பிஏ-வில் ஆடியவர்கள். எளிய வீட்டிலிருந்து வந்தவர் புரூவர் மட்டும். நால்வரில் மூவருக்கு அடுத்த மாத வாடகையைப் பற்றி யோசிக்க வேண்டிய நிலை இல்லை. புரூவரும் தங்கினாரே என்று நீங்கள் கேட்பீர்கள். தங்கினார், அதனால்தான் அந்த நால்வரில் எனக்கு அவர்மீது கூடுதல் பிரியம்.

நீங்கள் படிப்பைப் பற்றிக் கேட்டதற்குச் சமீப ஆண்டுகளே பதில் சொல்லிவிட்டன. 2021 ஜூலையில், வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று என்சிஏஏ வழிவிட்டது. 2025 ஜூனில் ஒரு வழக்குத் தீர்வின்படி, ஒவ்வொரு கல்லூரியுமே ஆண்டுக்கு ஏறக்குறைய 2.05 கோடி டாலர் வரை தங்கள் விளையாட்டு வீரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம் என்றாயிற்று. என்ன நடந்தது தெரியுமா? முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள், வெளிநாட்டு வீரர்களையும் சேர்த்து, 2021-இல் 353 பேர். 2025-இல் 106 பேர். கொரோனாவால் கூடுதலாக ஓராண்டு ஆட அனுமதி கிடைத்ததால் 2021-இன் எண் வீங்கியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைக் கழித்தாலும் சரிவு பெரியது. பாடப் புத்தகத்தின் மீது திடீரென்று காதல் வந்து அவர்கள் தங்கவில்லை, ஐயா. வீட்டுக்குப் பணம் அனுப்ப முடிந்தது, தங்கிவிட்டார்கள்.

உங்கள் கோபத்துக்கு உரியவர்களும் இருக்கிறார்கள். நீ முதல் சுற்றுக்காரன் என்று பையன் காதில் ஓதி, அவன் அழைக்கப்படாமல் போன இரவில் தொலைபேசியை எடுக்காத ஆலோசகர்கள். 2002-இல் பள்ளிப் பருவ நட்சத்திரமான லென்னி குக் இப்படிப்பட்ட பேச்சுகளை நம்பிப் பெயர் கொடுத்தார், ஓர் அணியும் அழைக்கவில்லை. பெயரைக் கொடுத்துவிட்டு அணிகளிடம் ஆடிக் காட்டி, மே கடைசிக்குள் திரும்பப் பெறலாம் என்ற வழி இன்று உண்டு. அந்த வழி எடியைக் காப்பாற்றியது. குக்குக்கும் நல்ல ஆலோசனை கிடைத்திருந்தால் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஓர் ஆசிரியைக்குப் பிறந்த பிள்ளையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். வின்ஸ் கார்ட்டரின் தாய் பள்ளி ஆசிரியை. நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தை மூன்றாம் ஆண்டோடு விட்டு 1998-இல் கார்ட்டர் என்பிஏ-வுக்குப் போனபோது, படிப்பை முடிப்பேன் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆட்டம் இல்லாத மாதங்களில் படித்து முடித்தார். பட்டமளிப்பு விழா 2001 மே 20 அன்று. அதே நாள் மாலையில் ஃபிலடெல்ஃபியாவில், அவருடைய டொரன்டோ அணிக்கு வாழ்வா சாவா என்ற ஏழாவது ஆட்டம். காலையில் சேப்பல் ஹில்லில் அங்கி அணிந்து விழாவில் உட்கார்ந்தார். விமானம் ஏறி வந்து ஆடினார். கடைசி நொடியில் அவர் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. 88-87. படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்று ஆண்டுதோறும் அங்கலாய்க்கிற அதே நாட்டில், விழாவுக்குப் போனதால்தான் தோற்றார் என்று அவரை வாரக்கணக்கில் திட்டினார்கள்.

பேரனுக்கு என் அன்பு.

அன்புடன்.