கேள்வி – பதில்: மாரியில் உதிரும் வில்லைகள்

கே: ஈயம் சேராத அழுத்தமின் பீங்கான் (அழுத்தினாலோ அதிர்ந்தாலோ மின் தரும் பீங்கான்) செய்து பார்க்கிறோம். பொற்றாசியம் சோடியம் நையோபேற்று வில்லை உலையில் இருந்து எடுக்கும்போது கெட்டியாகத்தான் இருக்கிறது. ஒரு கிழமைக்குள் ஓரம் பொருமி உதிர்கிறது. சூட்டில் பொற்றாசியம் பறக்கும் என்று 5% கூட்டிப் போட்டோம். பிழை எங்கே?
– வாசகர், கிளிநொச்சி

ப: அந்த 5%இல்தான். பறக்காமல் மிஞ்சிய பொற்றாசியம் பளிங்குமணிகளுக்கு இடையில் தங்கி ஈரத்தை உறிஞ்சுகிறது. கார்த்திகை மாதத்து வன்னிக் காற்றில் கேட்கவா வேண்டும்? கூட்டிப் போடாதீர்கள், பறக்காமல் பாருங்கள்.

20 கிராம் வில்லைத் தூளுக்கு நையோபியம் பென்டொட்சைட்டு 15.46, பொற்றாசியம் காபனேற்று 4.02, சோடியம் காபனேற்று 3.08 கிராம். காபனேற்று இரண்டையும் 200 பாகையில் 4 மணித்தியாலம் காயவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட பாத்திரத்துக்குள் ஆறவிட்டு, எடுத்த கையோடு நிறுங்கள். தராசில் இலக்கம் ஏறிக்கொண்டே போனால் தூள் ஈரம் குடிக்கிறது என்று அர்த்தம்; திரும்பக் காயவையுங்கள். அரைப்பது எதனோலில். தண்ணீரில் அரைத்தால் காபனேற்று கரைந்து, காயும்போது தனியே படியும்.

850 பாகையில் 4 மணித்தியாலம் சுட்டு, அரைத்து, மறுபடியும் அதே சூடு. இந்த இரண்டாவது சூட்டைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு வில்லையை மூடியுள்ள அலுமினாப் புடக்குகையில், அதே கலவைத் தூளுக்குள் புதைத்து, 1090 பாகை அளவில் 2 மணித்தியாலம் வையுங்கள். பொற்றாசிய ஆவியைத் தூள் கொடுக்கும், வில்லை இழக்காது. 1140க்குக் கிட்டப் போனால் உருகத் தொடங்கும்.

வில்லையின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 4.2 கிராமுக்குக் குறைந்தால் (முழு அடர்த்தி 4.51), முனைவாக்கும்போது, அதாவது உயர் மின்னழுத்தம் கொடுத்து உள்ளிருக்கும் மின்முனைகளை ஒரு திசைக்குத் திருப்பும்போது, பொறி பறந்து துளை விழும். இரு முகத்திலும் வெள்ளிப் பசை பூசிச் சுட்டபின், 120 பாகைச் சிலிக்கோன் எண்ணெயில், மில்லிமீற்றருக்கு 3 கிலோவோல்ற்று, 30 நிமிடம். மின்னழுத்தத்தை எடுக்காமலே ஆறவிடுங்கள்.

கே: புல்மோட்டை மணலில் இருந்து, இன்னொரு ஈயமில்லா அழுத்தமின் பீங்கானான பேரியம் தைத்தனேற்று செய்யலாமா?
– வாசகர், முல்லைத்தீவு

ப: ஆசை நல்லது, ஆனால் அந்த மணலில் உள்ள இல்மனைற்றுக் கனிமத்தில் தைத்தேனியத்தோடு இரும்பும் இருக்கிறது. அதைக் கழிப்பது இரசாயன ஆலையின் வேலை. 99%க்கு மேல் தூய தூள் வாங்குங்கள்: 20 கிராமுக்குப் பேரியம் காபனேற்று 16.93, தைத்தேனியம் ஈரொட்சைட்டு 6.85 கிராம். ஈயம் இல்லாவிட்டாலும் பேரியம் காபனேற்று நஞ்சுதான். முகமூடியும் கையுறையும் கட்டாயம்.

கே: அரிசி ஆலைச் சல்லடையில் வில்லையை ஒட்டினால் மின்குமிழ் எரியுமா?
– வாசகர், வவுனியா

ப: எரியாது. கிடைப்பது மைக்ரோவாற்றுக் கணக்கு. சேர்த்துவைத்து, இடைக்கிடை தரவு அனுப்பும் உணரிக்குக் காணும். வில்லையை மெல்லிய உருக்குத் தகட்டில் ஒட்டி, தகட்டின் ஒரு நுனியைச் சல்லடையில் இறுக்குங்கள். மறுநுனியில் எடையைக் கூட்டிக் குறைத்து, சல்லடையின் அதிர்வுக்கு இசையவையுங்கள். பேரியம் தைத்தனேற்று என்றால் 120 பாகையில் முனைவு அழியும். சூட்டில் இறுகும் பசை வேண்டாம், கம்பியைப் பற்றாசு பிடிப்பதையும் ஓரிரு செக்கனில் முடியுங்கள்.